சூடேறுமுன் நிறுத்திய எஞ்சின் ஏன் அடுத்த முறை எழும்ப மறுக்கிறது?

1990களின் நடுப்பகுதியில், வன்னியில் ஒரு குளக்கட்டின் கீழ் அமைந்திருந்த குடியிருப்பொன்றில் நாம் சில மாதங்கள் வேலை செய்தோம். பல கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த கமக்காரக் குடும்பங்கள் அங்கே கொட்டில் போட்டு இருந்தன. அவ்வளவு பேருக்கும் அவசரத்துக்கு இருந்தது ஒரேயொரு கார். பழைய மொறிஸ் மைனர். 1990 முதல் பெற்றோல் வடக்கிற்குத் தடைசெய்யப்பட்டிருந்தபடியால், அக்காலத்தில் அங்கு ஓடிய பெரும்பாலான கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ரார்ட் எடுப்பதற்கு மட்டும் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதை மருந்தைப் போலத் துளித்துளியாகச் செலவழிப்பார்கள்.

ஒருநாள் பின்னேரம் மழை இருட்டியது. நெல் மூடைகளை நனையாமல் வைப்பதற்காகக் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துப் புளியமரத்தின் கீழ் விட்டார்கள். ஸ்ரார்ட் செய்து, இருபது அடி ஓட்டி, நிறுத்தியாயிற்று. அரை நிமிட வேலை. அன்றிரவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. காரை எழுப்பப் போனால் அது எழும்பவில்லை. பற்றரி இறங்கும்வரை ஸ்ரார்ட்டரைச் சுழற்றினார்கள். பிறகு எட்டுப் பேர் சேர்ந்து வீதியில் இரண்டு முறை தள்ளினார்கள். பெற்றோல் போத்தலும் முடிந்தது. கடைசியில் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் பாய் விரித்து, மழைக்குப் படங்கு பிடித்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை தப்பியது. ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத் தாய் தகப்பன் மாத்திரமல்ல, நாமும் மறக்கவில்லை.

அடுத்த நாள் காலை, முன்னொரு காலத்தில் உழவு இயந்திரம் ஓட்டிய முதியவர் ஒருவர் வந்து நான்கு பிளக்கையும் கழற்றினார். நான்கும் நனைந்திருந்தன. காரின் சொந்தக்காரர் இரண்டு கிழமைக்கு முன்தான், இதே வருத்தத்துக்கென்று, ஒரு கராச்சில் சொன்னபடி ஒரு மூடை நெல்லின் விலைக்குக் கொயிலை மாற்றியிருந்தார்.

"தம்பி, கொயிலிலை ஒண்டும் இல்லை. இதை ஒருக்கால் மணந்து பார்."

"அப்ப அப்பு, நான் காசு குடுத்து மாத்தினது?"

"அது போச்சு. இனி ஒயிலைப் பாப்பம்."

ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தபோது, மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரலளவு ஏறியிருந்தது. அந்தக் காருக்கு யாரும் ஒயில் விட்டு மாதக் கணக்காகியிருந்தது. விடாத ஒயில் எப்படிக் கூடும்? அன்று அம்முதியவர் அந்தக் கேள்வியிலிருந்துதான் தமது விளக்கத்தைத் தொடங்கினார். நாமும் இங்கு அவருடைய வழியையே பின்பற்றுகிறோம். இன்று பெற்றோல் கிடைக்கிறது. மொறிஸ் மைனர்கள் அருகிவிட்டன. ஆனால் அந்த வருத்தம் மட்டும் போகவில்லை. வீட்டுத் தாங்கியை நிரப்ப ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் தண்ணீர் மெஷினிலும், முற்றத்தில் வழிவிடுவதற்காக நகர்த்தும் காரிலும், முச்சக்கர வண்டியிலும் அது வருகிறது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை எண்ணிப் பாருங்கள். பத்து அடி நகர்த்த ஒரு ஸ்ரார்ட், பின் நிறுத்தம். அரை மணித்தியாலத்தில் இன்னொரு ஸ்ரார்ட். வரிசையின் முன்னுக்கு வந்தபோது வண்டி எழும்பவில்லை என்று தள்ளிக்கொண்டு போனவர்கள் பலர். தாங்கியில் எண்ணெய் இல்லாதது மாத்திரம் எல்லோருக்கும் காரணமாக இருக்கவில்லை.

எமது வெயிலில் எஞ்சினுக்கு என்ன குளிர்?

இக்கேள்வியைப் பலர் எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். பனி கொட்டும் நாடுகளின் பிரச்சினை இது என்று நினைப்பது இயல்பு. அந்த நாடுகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் தண்ணீரால் ஆறும் ஓர் எஞ்சின் தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கு அதன் தண்ணீர் 80 முதல் 90 பாகை சென்ரிகிறேட் வரை சூடாக வேண்டும். எங்கள் விடியற்காலையோ 25 பாகை. மனிதருக்கு அது இதமான சூடு. எஞ்சினுக்கு அது குளிர். மதியம் 34 பாகை வெயிலில் நின்ற கார்கூட, ஓடாமல் நின்றதென்றால், எஞ்சினின் கணக்கில் குளிர்ந்த கார்தான்.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தபின் அந்த ஆவிதான் எரிகிறது. நிறைப்படி பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் போகும் பெற்றோலில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகிறது. மிச்சம் குழாய்ச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் வியர்வைபோலப் படிந்து நிற்கிறது. ஆவியாகும் பகுதி போதாமல் இருப்பதால்தான் நாம் சோக்கை இழுத்து, தேவைக்கும் பல மடங்கு அதிகமான பெற்றோலை உள்ளே அனுப்புகிறோம். எஞ்சின் தொடர்ந்து ஓடினால் இதனால் தீமை இல்லை. சில நிமிடங்களில் சூடு ஏறி, படிந்ததெல்லாம் ஆவியாகி எரிந்து போய்விடும். அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டால் அவ்வளவும் உள்ளே ஈரமாகத் தங்கிவிடும். அடுத்த முறை சோக்கை இழுக்கும்போது, முன்னரே நனைந்திருக்கும் இடத்தில் இன்னும் ஊற்றுகிறோம்.

அந்த ஈரம் இரண்டு இடங்களில் தீங்கு செய்கிறது. முதலாவது பிளக். பிளக்கின் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் ஏறத்தாழ 450 பாகைக்கு மேல் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு அதற்குக் கிடைப்பதேயில்லை. கரி படிகிறது, கரியின்மேல் பெற்றோல் ஊறுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். எனவே இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்சாரம், சுற்றுவழி கிடைத்துவிட்டதென்று பீங்கானின்மேல் வழிந்து உடம்புக்குப் போய்விடுகிறது. கொயில் நல்லதாக இருந்தும் பொறி இல்லாமற் போவது இப்படித்தான்.

இரண்டாவது, பலரும் அறியாதது. பிஸ்ரன் றிங்குகள் சிலிண்டர் சுவரோடு இறுகப் பொருந்துவது இரும்பால் மட்டுமல்ல, இடையில் உள்ள ஒயில் படலத்தாலும்தான். பெற்றோல் அப்படலத்தைக் கழுவிவிடுகிறது. சவர்க்காரம் போட்ட கையில் எண்ணெய் நிற்குமா? அதுபோல. படலம் போனால் காற்று றிங்கைத் தாண்டிக் கீழே ஒழுகும், அழுத்தம் குறையும். அழுத்தம் இல்லாத கலவை, பொறி கிடைத்தாலும் எரியாது. அந்த நிலையில் ஸ்ரார்ட்டரைச் சுழற்றினால், வழமையான விட்டுவிட்டு வரும் சத்தம் இல்லாமல், தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே சீராக, இலேசாகச் சுழலும். அச்சத்தத்தைக் கேட்டு உள்ளே பட்டியோ செயினோ அறுந்துவிட்டது என்று பயந்து, எஞ்சினைப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு. பிரிக்குமுன் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

காசு செலவழிக்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்விகளில் முதலாவது: கடைசியாக இந்த எஞ்சின் எப்போது ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது? இதைக் கேட்காமல் கருவிப் பெட்டியைத் திறக்கும் மெக்கானிக்கை நாம் அவ்வளவாக நம்புவதில்லை. "நேற்று நன்றாக ஓடியது, பின் சும்மா கொஞ்சம் நகர்த்தினோம், அவ்வளவுதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் பாதி விடை கிடைத்துவிட்டது. நகர்த்தியவர் பெரும்பாலும் வீட்டுப் பொடியன்தான். அவன் ஏச்சுக்குப் பயந்து சொல்லாமல் விடுவதும் உண்டு.

அடுத்தது மூக்கு. எஞ்சின் மூடியைத் திறந்ததும் பெற்றோல் மணம் பலமாக வந்தால் மேற்கொண்டு சுழற்றாதீர்கள். சுழற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே இன்னும் பெற்றோலை இழுக்கிறது, பற்றரியையும் இறக்குகிறது. மணமே இல்லையென்றால் பெற்றோல் வரவில்லை என்று பொருள். அது வேறு நோய். தாங்கி, குழாய், பில்டர், பம் என்று பின்னாலிருந்து முன்னால் தேடிக்கொண்டு வர வேண்டும்.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். இது எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்கலாம். வெளிர் மண்ணிறமாக, காய்ந்து இருந்தால் சுகதேகி. மைபோன்ற காய்ந்த கரி மூடியிருந்தால் சோக் அதிக நேரம் இழுபட்டிருக்கிறது, அல்லது எயார் கிளீனர் தூசியால் அடைபட்டிருக்கிறது. சோக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நிற்பதும் உண்டு. ஆகவே கேபிளைத் தள்ளியதோடு நில்லாமல், காபரேற்றரில் உள்ள நெம்பு உண்மையில் திரும்பியதா என்று கண்ணால் பார்க்கவும். பிளக் ஈரமாக இருந்தால், என்ன ஈரம் என்று அறிய வேண்டும். வெள்ளைக் கடதாசியில் ஒற்றி நிழலில் வையுங்கள். பெற்றோல் கறை சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மண்ணெண்ணெய்க் கறை நெடுநேரம் நிற்கும். ஒயில் கறை போகவே போகாது. ஒயிலாக இருந்தால் றிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அதற்கு இக்கட்டுரையில் மருந்து இல்லை.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சினின் சுத்தமான இரும்பில் தொடவைத்து, ஒருவரைச் சுழற்றச் சொல்லலாம். நீல நிறத்தில் சடசடவென்று பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். இங்கே ஓர் எச்சரிக்கை. கழற்றிய துளையிலிருந்து பெற்றோல் ஆவி வந்துகொண்டிருக்கும். பிளக்கை அத்துளைக்குப் பக்கத்தில் பிடித்தால் தீப்பற்றும். எட்டத்தில் பிடிக்க வேண்டும். துளைகளைச் சீலையால் மூடிக்கொள்வது நல்லது. வெறுங்கையால் வயரைப் பிடிக்கக் கூடாது. அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ற்று. புதிய இலத்திரனியல் வண்டிகளில் இச்சோதனையைச் செய்யவே வேண்டாம். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் ஒரு மூடை நெல் காணாது.

அழுத்தம் இருக்கிறதா என்பதற்குப் பெருவிரல் போதும். துளையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு சுழற்றச் சொன்னால், நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளிக்கொண்டு "புஸ்" என்று வெளியேறும். விரலை அசைக்காமல் மெல்லக் காற்று விட்டால் ஒயில் படலம் கழுவப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அழுத்தம் திரும்பி வந்தால் றிங்கும் சுவரும்தான் காரணம் என்பது தெளிவு. முதல்நாள்வரை நன்றாக ஓடிய எஞ்சின் என்றால், அது கழுவப்பட்டதே தவிரத் தேய்ந்ததல்ல. ஒயில் விட்டும் வராவிட்டால் வால்வு அல்லது தலைக் கஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

நனைந்த எஞ்சினை எழுப்பும் முறை

பொறுமை முதல் மருந்து. பெற்றோல்தான் நனைத்தது என்றால், பிளக்குகளைக் கழற்றி அரை மணித்தியாலம் விட்டாலே பெரும்பகுதி காய்ந்துவிடும். பிளக்குகளைப் பித்தளைத் தூரிகையால் துடைத்து, வண்டியிலிருந்து எட்ட உள்ள அடுப்பில் சூடாக்கிக் கொள்ளலாம். சிவக்கக் காய்ச்சக் கூடாது, கை பொறுக்காத சூடு போதும். பழைய கார்களில் பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றர் அளவு. அளவுத் தகடு இல்லாவிட்டால் இரும்பு அரியும் வாளின் அலகுத் தடிப்பு ஏறத்தாழ அதற்குச் சரி.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, சாவியை அணைத்து, சோக்கை முழுதாகத் தள்ளி, அக்சிலேற்றரை ஒருவர் அடிவரை மிதித்துக்கொண்டிருக்க, கைபிடி உள்ள காரென்றால் பத்துப் பன்னிரண்டு முறை கையால் சுற்றுங்கள். உள்ளே கிடக்கும் ஈரம் துளை வழியே வெளியேறும். கைபிடியைச் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும். இதைக் கேலியாக எடுத்த ஒருவரின் கட்டுப்போட்ட கையை நாம் பார்த்திருக்கிறோம்.

பிறகு சூடான பிளக்குகளைப் பூட்டி, சோக் இல்லாமல், அக்சிலேற்றரை முழுதும் மிதித்தபடி ஸ்ரார்ட் எடுக்க வேண்டும். மிதித்து விட்டு மிதித்து விட்டுப் பம் அடிக்கக் கூடாது. முழுதும் மிதித்தால் காற்று அதிகமாகவும் பெற்றோல் குறைவாகவும் போகும். காபரேற்றர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சும் புதிய கார்களிலும், பெரும்பாலானவற்றில், முழுதும் மிதித்துச் சுழற்றினால் பெற்றோல் பீச்சுவதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்திவிடும். இதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு தடவையில் பத்துச் செக்கன்களுக்கு மேல் சுழற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஸ்ரார்ட்டரை ஆறவிடவும். எழும்பும்போது முதலில் ஒரு சிலிண்டர், பின் இரண்டு என்று தடுமாறிக் கரும்புகையோடு எழும்பும். அப்போது காலை எடுத்துவிடாமல், சீராகும்வரை சிறிது மிதித்துப் பிடித்து, பின் மெதுவாக விடுங்கள். எழும்பிய எஞ்சினை, காணும் இனி என்று உடனே நிறுத்திவிட்டால் மறுபடியும் முதலாம் பக்கம்தான். குறைந்தது கால் மணித்தியாலம் வீதியில் ஓட்டி வரவும். நின்ற இடத்தில் உறுமவிடுவதைவிட ஓட்டத்தில்தான் சூடு விரைவாக ஏறும்.

பற்றரியை மறந்துவிடக் கூடாது. ஒரு ஸ்ரார்ட்டுக்கு நூறு அம்பியருக்கு மேல் மின்சாரம் இழுபடுகிறது. அதைத் திரும்பக் கொடுக்க எஞ்சின் பல நிமிடம் ஓட வேண்டும். பழைய கார்களின் டைனமோ மெதுவான ஓட்டத்தில் ஒன்றுமே கொடுப்பதில்லை. ஆகவே அரை நிமிட ஓட்டம் நான்கு என்றால், கடன் மட்டும் ஏறுகிறது, வரவு இல்லை. அளவுமானி வைத்திருப்பவர்கள் எஞ்சின் நின்று சில மணித்தியாலம் ஆனபின் பாருங்கள். 12.6 வோல்ற்று என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. மானி இல்லாதவர்கள் முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ரார்ட்டைத் திருப்பலாம். விளக்கு அணையுமளவுக்கு மங்கினால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனைகளில் பச்சைப் பூஞ்சு பிடித்திருக்கிறது. முனையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆகவே புதுப் பற்றரி விலை கேட்குமுன் அதைச் செய்யுங்கள். விளக்கு மங்காமல், எஞ்சினும் சுழலாவிட்டால் கோளாறு ஸ்ரார்ட்டரிலோ அதற்குப் போகும் இணைப்பிலோதான்.

விடாத ஒயில் கூடிய கதை

இப்போது அளவுக் கம்பிக்கு வருவோம். சிலிண்டர் சுவரைக் கழுவிய எண்ணெய் எங்கே போகும்? றிங்கைத் தாண்டிக் கீழே ஒயில் தொட்டிக்குள். பெற்றோலாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் ஒயில் சூடாகும்போது பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. அது 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்குகிறது, ஒயில் அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே போனது போனபடி அங்கேயே சேர்ந்து, ஒயிலைத் தண்ணீராக்குகிறது. அளவு கூடுவதைக் கண்டு, ஒயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின் என்று மகிழ்ந்த ஒருவரை நமக்குத் தெரியும். அவருடைய பெயரிங்குகள் அடுத்த போகத்துக்குள் தட்டத் தொடங்கின.

கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். பசையில்லாமல் வழிந்தோடினால், மணம் அடித்தால், அளவு ஏறியிருந்தால், ஒயிலை முற்றாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே புது ஒயில் விட்டுச் சரிசெய்ய முயல்வது வீண். கழித்த ஒயிலைக் கானுக்குள்ளோ வரம்போரத்திலோ ஊற்றிவிட வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

ஒயில் மூடியின் உட்புறத்தில் தயிர்போல வெண்மஞ்சள் பசை படிந்திருப்பதைக் கண்டு சிலர் கலங்கிவிடுகிறார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாகப் புகைக்குழாயால் போய்விடும். சூடேறாத எஞ்சினில் அதில் ஒரு பங்கு உள்ளே படிந்து ஒயிலோடு கலந்து பசையாகிறது. சைலென்சரினுள் தங்குவது அதைத் துருப்பிடித்து ஓட்டையாக்குகிறது. பசை மூடியில் மட்டும் என்றால், ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்து துடைத்துவிடலாம். அளவுக் கம்பியிலுள்ள ஒயில் முழுவதுமே பால் தேத்தண்ணீர் நிறமாகி, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால், எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், அது தலைக் கஸ்கற் எரிந்ததன் அடையாளம். அப்போது ஓட்டாமல் நிறுத்த வேண்டும். இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டால் ஒன்றில் வீண் செலவு, மற்றதில் எஞ்சின் நட்டம்.

தண்ணீர் மெஷின் வைத்திருப்போருக்கு

மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இறைப்பு மெஷின்களில் இரண்டு தாங்கிகள் உண்டு. சிறியது பெற்றோலுக்கு, பெரியது மண்ணெண்ணெய்க்கு. பெற்றோலில் எழுப்பிச் சூடாக்கி, அதன்பின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். 1949இல் வந்த பேர்கசன் உழவு இயந்திரத்தின் மண்ணெண்ணெய் வகையிலும் இதே முறைதான். ஆனால் பெற்றோல் விலையைப் பார்த்து, சூடேறுமுன் திருப்பிவிடுவதே நமது வழக்கமாகிவிட்டது. 2022 ஆகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறிய பிறகு, மிச்சம் பிடிக்கும் எண்ணம் எல்லோருக்கும் இன்னும் கூடியது. அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கு வேறுவிதமானது. சூடேறாத மெஷினில் விட்ட மண்ணெண்ணெயில் ஒரு பங்கு எரியாமலே ஒயிலுக்குள் போகிறது. அந்தப் பங்கு தண்ணீரை இறைக்கவில்லை, மெஷினைத்தான் தேய்க்கிறது. சிலிண்டர்த் தலையின் தகடுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுரீரென்று ஆவியாகும்வரை பெற்றோலிலேயே விடுங்கள். எங்கள் வெயிலில் அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

புதிய, பெற்றோலுக்கு மட்டும் ஆன மெஷினிலோ, பெற்றோலைப் பீச்சும் கார், மோட்டார் சைக்கிளிலோ மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. அவற்றின் அழுத்தம் அதிகம். மண்ணெண்ணெய் அங்கே காலத்துக்கு முன் வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். டீசல் லான்ட்மாஸ்ரருக்குப் பிளக் இல்லாதபடியால் இவ்வளவு பாடு இல்லை. ஆயினும் ஒயில் அளவைப் பார்க்கும் பழக்கம் அதற்கும் வேண்டும்.

குத்தகைக் காணியில் பயிர் செய்வோர் ஒரு மெஷினைப் பலர் மாறிமாறி எடுப்பதுண்டு. ஒருவர் வெங்காயத்துக்கு இரண்டு மணித்தியாலம் இறைப்பார், மற்றவர் குளிக்கத் தொட்டி நிரப்பி ஐந்து நிமிடத்தில் நிறுத்துவார். பழுது எப்போதும் வெங்காயக்காரரின் முறையில்தான் தெரியவரும். சண்டையும் அங்கேதான் தொடங்கும். நாம் அறிந்த ஓரிடத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். தொட்டி நிரப்புவோர் தனியே மெஷினை எழுப்புவதில்லை. இறைப்பு நடக்கும்போது வாய்க்காலிலிருந்தே தொட்டிக்கு ஒரு குழாய் விட்டுக்கொள்வார்கள். எண்ணெய்க் காசில் அவர்கள் பங்கு தனியாக எழுதப்படும். மெஷினின் பக்கத்தில் ஒரு அப்பியாசக் கொப்பி தொங்கும். யார் எழுப்பியது, எத்தனை மணிக்கு நிறுத்தியது, ஒயில் எந்தக் கோட்டில் நின்றது என்று மூன்றே விடயம்.

நிறுத்தும் முறையும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை அப்படியே நிறுத்தினால் காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய் தங்கும். அடுத்த நாள் விடிய, குளிர்ந்த மெஷினுக்கு முதலில் கிடைப்பது அதுதான். எத்தனை முறை கயிறு இழுத்தாலும் பிளக் நனைவதைத் தவிர வேறொன்றும் நடவாது. ஆகவே இறைப்பு முடிவதற்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது குழாயைப் பெற்றோல் பக்கம் திருப்பி, மண்ணெண்ணெய் முழுதும் எரிந்து தீர்ந்தபின் நிறுத்துங்கள். பெரிய தாங்கியின் குழாயையும் பூட்டிவிடுங்கள். திறந்து கிடந்தால் ஊசி வால்வு தேய்ந்த காபரேற்றரில் இரவு முழுவதும் ஒழுகி, விடியும்போது ஒயில் தொட்டிக்குள் வந்திருக்கும்.